'அட்ரக்டிவ்' என்றால் 'அழகான' என்பது மட்டுந்தானா?

[காட்சி: காலபோக விதைப்புக் காலம். கிளிநொச்சி வயலொன்றில் கலப்பையை இழுத்துச் செல்லும் ட்ரக்டர்.]

வணக்கம். இந்த வயலை உழுதுகொண்டிருக்கும் ட்ரக்டருக்கும், எங்கள் மாணவர்கள் பலர் 'அழகான' என்று மட்டுமே மனனம் செய்து வைத்திருக்கும் 'அட்ரக்டிவ்' என்ற ஆங்கிலப் பெயரடைக்கும் வேர் ஒன்றே. இலத்தீன் மொழியில் 'ட்ராஹெரே' என்ற வினை இழுத்தலைக் குறிக்கும். ட்ரக்டர் என்பதன் நேர்ப்பொருளும் 'இழுப்பது' என்பதே. அவ்வினையின் முன்னே 'நோக்கி' எனப் பொருள்படும் 'அட்' என்னும் முன்னொட்டுச் சேர்ந்தபோது, தன்னை நோக்கி இழுத்தல் என்ற பொருள் உண்டாயிற்று.

ஆகவே, 'பியூட்டிஃபுல்' ஒரு பொருளில் உள்ள அழகைச் சொல்ல, 'அட்ரக்டிவ்' அப்பொருள் நம் மனத்தில் செய்யும் வேலையைச் சொல்கிறது. மாலை வெயிலில் மின்னும் இரணைமடுக் குளத்து நீர் பியூட்டிஃபுல். அறுவடைக் காலத்தில் வியாபாரி ஒருவர் நெல்லுக்குக் கூட்டித் தரும் விலைக்கு அழகு ஏது? ஆயினும் அது 'அட்ரக்டிவ் ப்ரைஸ்' ஆகும், ஏனெனில் விவசாயியின் மனம் அதன் பக்கம் சாய்கிறது. சம்பளம், திட்டம், யோசனை ஆகியவற்றுக்கும் இச்சொல் இவ்வாறே பொருந்தும்.

[காட்சி: முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி, கச்சான் கடைகள்.]

ஏ9 வீதியால் செல்வோர் இறங்கி வழிபடும் இவ்விடத்தில், நேர்த்தியாக அடுக்கிய கடையின் தோற்றத்தை அட்ரக்டிவ் எனலாம். வறுத்த கச்சானின் வாசனைக்கோ, ஆசையைத் தூண்டுவது எனப் பொருள்படும் 'டெம்ப்டிங்' என்ற சொல்லே கூடுதலாகப் பொருந்தும்.

தமிழில் இதற்குக் 'கவர்ச்சியான' என்று எழுதுவோர் பலர். ஆநிரை கவர்தல் என்ற பழைய வழக்கில் கவர்தல் என்பது பறித்துச் செல்வதாகும். மனத்தைப் பறிப்பது என்ற பொருள் அதிலிருந்து விரிந்தது என்றே நான் கருதுகிறேன். 'கவர்ச்சிகரமான சம்பளம்' என்று வேலை விளம்பரங்களில் வருவது பிழையன்று. ஆனால் ஒருவரைக் குறித்துப் பேசும்போது சினிமா அச்சொல்லுக்கு ஏற்றிவிட்ட பொருள் குறுக்கிடுவதால், 'ஈர்க்கும்' என்பதையே நான் விரும்புவேன். ஆங்கிலத்திலும் ஒருவரை அட்ரக்டிவ் என்பது பெரும்பாலும் அவரது உடல் தோற்றத்தைப் பற்றிய கருத்தாகக் கொள்ளப்படும் என்பதால், ஆசிரியரிடமோ மேலதிகாரியிடமோ அவ்வாறு சொல்லாதீர்கள்.

கட்டுரைகளில் அடிக்கடி காணும் பிழை ஒன்று உண்டு. இசையால் ஈர்க்கப்பட்டேன் என எழுத நினைத்து, 'ஐ ஆம் அட்ரக்டிவ் டு மியூசிக்' என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால், இசைதான் உங்களால் ஈர்க்கப்படுகிறது என்றாகிவிடும். ஈர்க்கப்பட்டவர் 'அட்ரக்டட்', ஈர்ப்பது 'அட்ரக்டிவ்'. எனவே 'ஐ ஆம் அட்ரக்டட் டு மியூசிக்' என்று எழுதுங்கள்.