232 டிகிரியில் உருகும் கிண்ணம்

அவையோருக்கு வணக்கம்.

ஜப்பானில் கையால் செய்யப்படும் வெள்ளீயக் குடிகலன்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சாக்கே என்னும் அரிசி மதுவைச் சூடாக்கும் குவளை, ஊற்றும் குடுவை, குடிக்கும் சிறு கிண்ணம் எல்லாம் இதில் அடக்கம். கடையில் நின்றால், ‘வெள்ளீயம் மதுவைச் சுத்தப்படுத்தும், சுவையை மெத்தென்று ஆக்கும்’ என்று சொல்லி விற்பார்கள். பட்டறைக்குள் போனால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே இந்த உலோகத்தின் இரண்டு குணங்களைத்தான் பார்ப்பார்கள். 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நகம் பட்டாலும் கோடு விழும் அளவுக்கு மென்மையானது. செய்கிற விதம், விலை, வீட்டில் பார்த்துக்கொள்ளும் முறை எல்லாவற்றையும் இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டு வெள்ளீயப் பாத்திரங்கள் இன்றும் இருக்கின்றன. ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவின் கோயில்களில் தெய்வத்துக்கு மது படைக்கும் குடுவைகளை இந்த உலோகத்தில் செய்யும் வழக்கம் உண்டு. எடோ காலத்தில் (1603–1868) வாணிப நகரமான ஒசாகா இத்தொழிலின் மையமாக வளர்ந்தது. ‘ஒசாகா நானிவா சுசுக்கி’ என்ற பெயரில் இக்கைவினைக்கு 1983இல் அரசின் மரபுக் கைவினை அங்கீகாரம் கிடைத்தது. தெற்கே ககோஷிமாவின் தனியாமாவில் 1655இல் வெள்ளீயச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட, அப்பகுதியின் பழைய பெயரான சத்சுமாவின் பெயரில் வெள்ளீயப் பாத்திரங்கள் பிறந்தன. வடக்கே தொயாமா மாகாணத்தின் தகவோகா வார்ப்புக்குப் பேர்போன ஊர். 1611இல் ஆட்சியாளர் மயேதா தொஷினாகா ஏழு வார்ப்பர்களை வரவழைத்துக் குடியமர்த்தியதிலிருந்து அங்கே தொழில் தொடர்கிறது. 1916இல் அங்கே தொடங்கிய நௌசாக்கு நிறுவனம்தான் இன்று கலப்பில்லாத வெள்ளீயத்தை உலகச் சந்தைக்குக் கொண்டுபோயிருக்கிறது.

இந்த ஊர்களுக்கிடையே ஒரு அடிப்படை வேறுபாடு இருக்கிறது. ஒசாகா மரபில் வெள்ளீயத்தோடு மிகச் சிறிதளவு வேறு உலோகம் சேர்ப்பார்கள். அதனால் கடைசலுக்கும் உறுதிக்கும் வசதி. தகவோகாவின் தூய வெள்ளீயமோ கையால் வளைத்தால் வளையும். வளைக்கும்போது முறுமுறுவென்று சத்தம் கேட்கும். உள்ளே படிகங்களின் ஒரு பகுதி சட்டென்று திசை மாறித் திரும்புவதால் வரும் சத்தம் அது. தூய வெள்ளீயத்தைக் காதாலேயே அடையாளம் காண இது நல்ல வழி.

இனி வார்ப்பு. இரும்புச் சட்டியில் உருக்குவார்கள். உருகுநிலைக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துவதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் மேலே ஆக்சைடு ஏடு தடிக்கும். அதை வழித்து எறிய எறிய உலோகம் வீணாகும். ஏடு அச்சுக்குள் போய்விட்டாலோ கிண்ணத்தின் சுவரில் கறுப்புப் புள்ளியாக நிற்கும். சூடு போதாவிட்டால் அச்சு நிரம்புவதற்குள் உறைந்துவிடும். மேற்பரப்பில் சுருக்கம் சுருக்கமாக நிற்கும், சில சமயம் பாதிக் கிண்ணம்தான் வரும். அச்சின் சூடும் இதே அளவு முக்கியம். குளிர்ந்த அச்சில் ஊற்றினால் ஓட்டம் தடைப்படும். மிகச் சூடான அச்சில் உறையவே நேரமாகும். தடித்த இடம் கடைசியாக உறையும்போது குழி விழும். வெள்ளீயம் உறையும்போது கன அளவில் ஏறக்குறைய 2.5 சதவீதம் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தை நிரப்ப மேலிருந்து கூடுதல் உலோகம் வந்துகொண்டிருக்க வேண்டும். அதனால் ஊற்றுவாயை வேண்டுமென்றே பெரிதாக விடுவார்கள். பிறகு வெட்டி எடுத்து மறுபடி சட்டியில் போட்டால் போயிற்று. எச்சரிக்கை ஒன்று உண்டு. உலோக அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது நொடியில் ஆவியாகி, உருகிய உலோகத்தை முகத்தில் தெறிக்கவைக்கும்.

வார்த்தெடுத்த துண்டு சொரசொரப்பாக, தேவைக்கு மேல் தடிப்பாக இருக்கும். அதைக் கடைசலில் ஏற்றுகிறார்கள். இரும்பையோ பித்தளையையோ கடைபவர் துண்டை இரும்புத் தாடையில் இறுக்கிப் பிடிப்பார். வெள்ளீயத்தை அப்படி இறுக்கினால் வட்டம் முட்டையாகிவிடும். எனவே அந்தந்தக் கிண்ணத்துக்கென்றே மரத்தில் பிடிமானம் கடைந்து, அதில் துண்டைப் பொருத்தி, உராய்வின் பலத்தில் சுற்றவிடுகிறார்கள். நீண்ட கைப்பிடி கொண்ட ‘கன்னா’ என்ற கடைசல் உளியைப் பலகைமேல் ஊன்றி உள்ளும் புறமும் சீவுகிறார்கள். உளி மழுங்கியிருந்தால் உலோகம் வெட்டுப்படாமல் இழுபட்டு நுனியில் ஒட்டிக்கொள்ளும், பரப்பு கிழியும். சுவரின் தடிப்பை விரலும் காதும்தான் சொல்லும். மெலியும்போது உளியின் ஓசை மாறும். மெருகுக்கு முற்காலத்தில் தொகுசா என்ற செடியின் சொரசொரப்பான தண்டையும் முக்கு என்ற மரத்தின் இலையையும் பயன்படுத்தினார்கள்.

இந்தத் தொழிலின் மிகக் கடினமான கட்டம் இணைப்பு என்பேன். கழுத்து குறுகிய ‘தொக்குரி’ குடுவையை ஒரே வார்ப்பாக எடுத்தால் உட்புறத்தைக் கடைய முடியாது. அதனால் உடல், கழுத்து, அடி என்று தனித்தனியாக வார்த்துக் கடைந்து ஒட்டுகிறார்கள். சூடாக்கும் குவளைக்கு மூக்கும் பிடியும் சேர வேண்டும். செம்புக்கோ வெள்ளிக்கோ பற்றவைக்கும் பொடியின் உருகுநிலை பாத்திரத்தின் உருகுநிலையைவிட வெகு கீழே இருக்கும், தாராளமாகச் சூடாக்கலாம். இங்கே இடைவெளி மிகக் குறைவு. ஒரு நொடி அதிகமாகச் சூடுபட்டால், ஒட்ட வேண்டிய இடத்தில் ஓட்டை விழும். குறைந்தால் மேலே பூச்சுபோல் ஒட்டிக்கொண்டு உள்ளே பிடிக்காது. பின்னாளில் வெந்நீரில் வைக்கும்போது கசியும். நல்ல குடுவையில் இணைப்பு எங்கே என்று கண்ணாலும் விரலாலும் கண்டுபிடிக்க முடியாது. பழைய கைவினைஞரின் தரத்தை நான் அளப்பது இதை வைத்துத்தான், சித்திர வேலையை வைத்தல்ல.

சித்திரமும் அழகுதான். பூவும் இலையும் நிற்க வேண்டிய இடத்தில் அமிலம் தாங்கும் பூச்சால் வரைந்து, பாத்திரத்தை நைட்ரிக் அமிலத்தில் இடுவார்கள். பூச்சில்லாத இடம் அரித்துச் சொரசொரப்பாகும். அதன்மேல் அரக்குச் சாந்து பூசித் துடைத்தால் பள்ளங்களில் நிறம் தங்கும், மேடான சித்திரம் வெள்ளையாகப் பளிச்சிடும். இன்னொரு வகை, சுத்தியலால் தட்டித் தட்டிக் கொத்துத் தடம் பதிப்பது. செம்பைத் தட்டினால் இறுகும். இடையிடையே சுட்டு இளக்க வேண்டும். வெள்ளீயம் அறை வெப்பத்திலேயே உள்ளுக்குள் மீண்டும் படிகமாகி மென்மைக்குத் திரும்பிவிடும். இளக்கும் வேலை மிச்சம். ஆனால் தட்டித் தட்டி உறுதி ஏற்றவும் முடியாது. ஒரே இடத்தில் இரண்டு அடி கூடுதலாகப் போட்டால் சுவர் மெலிந்துவிடும்.

பயன்படுத்தும் முறைக்கு வருவோம். சாக்கேயைச் சூடாக்கும் குவளைக்குப் பெயர் சிரோரி. ஒரு ‘கோ’ என்பது 180 மில்லிலிட்டர். ஒரு கோ, இரண்டு கோ என்று அளவுகள் கிடைக்கும். சூட்டில் மது விரியும், எனவே விளிம்புவரை நிரப்பாதீர்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, கொதி அடங்கி 80 டிகிரி அளவுக்கு வந்ததும், மது நிற்கும் மட்டம்வரை சிரோரியை இறக்கி வையுங்கள். எத்தனால் 78 டிகிரியில் கொதிப்பது. கொதிநீரிலேயே வைத்தால் மணம் முதலில் ஓடிவிடும். ஒரு கோ சில நிமிடங்களில் தயாராகும். 40 டிகிரி ‘நுருகான்’, 45 ‘ஜோகான்’, 50 ‘அட்சுகான்’ என்று ஒவ்வொரு சூட்டுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். பீங்கான் குடுவையைவிட இது வேகமானது, ஏனென்றால் வெள்ளீயத்தின் வெப்பக் கடத்தல் பீங்கானைப் போலப் பல மடங்கு. அதனாலேயே ஒரு நிமிடம் மறந்தாலும் 45க்குப் பதில் 55 வந்து நிற்கும். வெப்பமானியைப் போட்டுக்கொள்ளுங்கள். நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. நம் வீட்டு ஈயச் சொம்பும் இதே உலோகம்தான். ரசம் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்பது இங்கே பலருக்குத் தெரியும்.

குளிர்ச்சியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. குளிர்பெட்டியில் வைத்தெடுத்த கிண்ணம் மதுவைக் குளிர்விக்கும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 கிராம் கிண்ணம் 5 டிகிரியிலிருந்து 25க்கு ஏறினால் அது உறிஞ்சும் வெப்பம் சுமார் 680 ஜூல்தான். 100 மில்லிலிட்டர் மதுவை அது ஒன்றரை டிகிரி குறைத்தால் அதிகம். உதட்டில் படும் சில்லிப்பு உண்மை, ஆனால் அது உலோகம் வெப்பத்தை வேகமாக இழுப்பதால் வரும் உணர்வு. அதே வேகத்தில் உள்ளங்கைச் சூடும் மதுவுக்குப் போய்விடும். குளிர்ந்த சாக்கே வேண்டுமென்றால் மதுவைத்தான் குளிர்விக்க வேண்டும். சுவை மெத்தென்று ஆகிறது என்ற பேச்சுக்கும், சூடு சீராகப் பரவுவதும் சிரோரியின் அகன்ற வாயும் போதுமான விளக்கம் என்பது என் கருத்து.

உறைபெட்டியில் கிண்ணத்தை நாள்கணக்கில் விடாதீர்கள். 13.2 டிகிரிக்குக் கீழே தூய வெள்ளீயத்தின் படிக அமைப்பு சாம்பல் நிறப் பொடியாக மாறும் இயல்புடையது. நடைமுறையில் இம்மாற்றம் மிக மெதுவானது, கடுங்குளிரில்தான் வேகமெடுக்கும். இருந்தாலும் வீணாகச் சோதிப்பானேன்? மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் இயந்திரம், கம்பி நார் மூன்றும் ஆகாது. மிதமான சோப்பும் மென்மையான பஞ்சும் போதும். மங்கினால் சமையல் சோடாவை ஈரத் துணியில் தொட்டுத் தேயுங்கள்.

பழைய பொருள் வாங்குவோருக்குக் கடைசியாக ஒன்று. பழைய கலப்பிலும் பற்றவைப்பிலும் உடலுக்கு நஞ்சான காரீயம் இருந்திருக்கலாம். நிறம் நீலம் கலந்த சாம்பலாகவும், அளவுக்கு மீறிக் கனமாகவும் இருந்தால் அலமாரியில் வைத்து ரசியுங்கள், குடிக்க வேண்டாம். புதிதாக வாங்கும்போது இணைப்பை விரலால் தடவிப் பாருங்கள், தட்டையான இடத்தில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள், மூக்கிலிருந்து நீரை ஊற்றி நிறுத்திப் பாருங்கள். மூக்கின் விளிம்பு கூர்மையாக இல்லாவிட்டால் கடைசிச் சொட்டு அடியில் வழியும். விளிம்பு நசுங்கியிருந்தால் பதறவேண்டாம், மரக்கட்டையில் வைத்து விரலால் மெல்ல நிமிர்த்தலாம். ஆனால் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வளைத்தால் விரிசல் விடும். அப்போது பட்டறைக்கு அனுப்புவதே வழி.