நம்ம வீட்டு சிலிண்டர் நாத்தமும் ஒரு பள்ளிக்கூடக் கட்டடமும்

சிலிண்டர் லேசா கசிஞ்சாலே அழுகுன முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாத்தம் மூக்குல ஏறுமே, அது கேஸோட வாசனை கிடையாதுங்க! கேஸுக்கு வாசனையே இல்ல. மெர்காப்டன்னு ஒரு பொருளை வேணும்னே கலக்குறாங்க. இதைக் கட்டாயமாக்குற சட்டத்துக்குப் பின்னாடி ஒரு சின்ன ஊரோட பள்ளிக்கூடம் இருக்கு.

அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல நியூ லண்டன்னு ஒரு ஊரு. 1930-ல அந்தப் பக்கம் எண்ணெய் கிடைச்சுது, பணம் கொட்டுச்சு, 1932-ல பத்து லட்சம் டாலர்ல பள்ளிக்கூடம் எழும்பிருச்சு. முன்கதை அவ்ளோதான்.

இப்ப தரைக்கு அடியில பாருங்க. நிலம் சரிவு. மண்ணைக் கொட்டி நிரப்பாம, தளத்துக்குக் கீழ காலி இடத்தை அப்படியே மூடிட்டாங்க. கட்டடத்தோட முகப்பு நீளம் 253 அடி, அந்தப் பொந்தும் அவ்ளோ நீளம்! கொதிகலன் வச்சு நீராவியில சூடாக்கலாம்னு கட்டடக் கலைஞர் சொன்னாரு. நிர்வாகம் கேக்கல, கட்டடம் பூரா 72 கேஸ் ஹீட்டர் மாட்டுனாங்க. 1937 தொடக்கத்துல காசு கட்டி வாங்குன கேஸ் இணைப்பையும் வெட்டிட்டாங்க. எண்ணெய்க் கிணத்துல வேண்டாம்னு எரிச்சுத் தள்ளுற கேஸ், அந்தக் குழாயில இருந்து இழுத்துக்கிட்டாங்க. மிச்சம் எவ்ளோ தெரியுமா? மாசம் 300 டாலர். பத்து லட்சம் போட்டுக் கட்டுனவங்க 300-ல கை வச்சாங்களேன்னு எனக்கு இன்னும் ஆறவே இல்ல.

கசிஞ்ச கேஸ் அந்தப் பொந்துல சேர்ந்துச்சு. பிள்ளைங்க தலைவலிக்குதுன்னு சொன்னாங்க. நாத்தம் இல்லையே, யாருக்கும் சந்தேகமே வரல.

மார்ச் 18, வியாழக்கிழமை, பள்ளி விடுற நேரம். பட்டறை வாத்தியார் மரம் தேய்க்கிற மெஷினோட சுவிட்சைப் போட்டாரு. ஒரே ஒரு பொறி, சேர்ந்திருந்த கேஸ் வெடிச்சிருச்சு. ரெண்டு டன் கான்கிரீட் பாளம் பறந்து போய் ஒரு கார் மேல விழுந்துச்சு. கிட்டத்தட்ட 300 பேர் போயிட்டாங்க. பெரும்பாலும் பிள்ளைங்க.

இடிபாட்டுல ஒரு கரும்பலகை கிடைச்சுது. எண்ணெயும் எரிவாயுவும்தான் இந்த மண்ணுக்குக் கிடைச்ச பெரிய வரம், அது இல்லன்னா இந்தப் பள்ளிக்கூடமே இல்லன்னு அதுல எழுதியிருந்துச்சு. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரலங்க.

அதே வருஷம் டெக்சாஸ்ல கேஸுக்கு வாசனை கட்டாயமாச்சு. 1939-ல புதுக் கட்டடம் வந்துச்சு, எதிர்ல இளஞ்சிவப்பு கிரானைட் நினைவுத் தூண் நிக்குது.

உங்க சமையலறையில அந்த நாத்தம் வந்தா சுவிட்சுல கை வைக்காதீங்க. போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து விட்டுட்டு, வெளிய வந்து 1906-க்கு போன் பண்ணுங்க. வீட்டுல எல்லாருக்கும் இதைச் சொல்லி வைங்க.