338 வாங்கலாமா? முதலில் ஒரு டப்பா பவுடர் எத்தனை தோட்டாவுக்கு வரும் என்று பார்ப்போம்

எல்லோருக்கும் வணக்கம். தென் ஆப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பைன்டவுனில் என் கராஜிலிருந்து பேசுகிறேன். மேலே தகரக் கூரை, வெளியே நல்ல மழை. சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜோஹனஸ்பர்க் பக்கம் லெனேஷியாவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். "அண்ணா, கையில் 308 இருக்கிறது. ஆயிரம் மீட்டர் அடிக்க வேண்டும். இதை விற்றுவிட்டு 338 லாபுவா வாங்கலாமா? கடன் போட்டாலும் பரவாயில்லை" என்று. 308, 338 என்பதெல்லாம் ரைபிள் தோட்டாவின் அளவுப் பெயர்கள், 338 பெரியது. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் இன்றைக்கே பேசிவிட வேண்டும் என்று தோன்றியது.

இந்த ஆசை எனக்கும் வந்ததுதான். ஆறு வருஷம் முன்னால் ஃப்ரீ ஸ்டேட்டில் ஒரு பண்ணைக்குச் சுடப் போயிருந்தோம். அங்கே ஒரு பெரியவர். நாங்கள் எல்லோரும் அவரை 'ஊம்' என்றுதான் கூப்பிடுவோம். ஆஃப்ரிகான்ஸில் அது நம்ம 'மாமா' மாதிரி. அவர் தன் 338-ஐ என்னிடம் கொடுத்து ஐந்து தோட்டா சுடச் சொன்னார். பாயில் குப்புறப் படுத்து, மூச்சை விட்டு, ட்ரிக்கரை அழுத்தினேன். முன்னால் இருந்த புழுதி முழுக்க எழுந்து முகத்தில் அடித்தது. உதை நினைத்த அளவு இல்லை, ஏனென்றால் குழல் முனையில் உதையைக் குறைக்கும் மசில் பிரேக் இருந்தது. ஆனால் பக்கத்துப் பாயில் இருந்தவர் எழுந்து தள்ளிப் போய்விட்டார், அவ்வளவு அதிர்வு. குண்டு போய்ச் சேர ஒன்றரை வினாடி போல. இரும்புத் தட்டில் பட்ட சத்தம் ஆயிரம் மீட்டர் திரும்பி வர இன்னும் மூன்று வினாடி. 'டிங்' என்று கேட்கும்போது நான் இரண்டாவது மூச்சில் இருந்தேன். அன்றைக்கு டர்பன் திரும்பும் வழியெல்லாம், வான் ரீனன் கணவாய் இறங்கும்போதுகூட, எனக்கு அதே நினைப்புதான்.

ஊம் சொன்னது ஒன்றே ஒன்று. "வாங்குவது கஷ்டமில்லை, அதற்குத் தீனி போடுவதுதான் கஷ்டம்." அதைத்தான் இன்று மேசையில் வைத்துக் காட்டப்போகிறேன்.

இதோ பாருங்கள், இடது கையில் 308 வின்செஸ்டர் தோட்டாவின் பித்தளை உறை. வலது கையில் ஊம் கொடுத்த 338 லாபுவா உறை. நான் கோயம்புத்தூரில் பீளமேட்டுப் பட்டறையில் பதினோரு வருஷம் லேத் ஓட்டியவன், அதனால் எதைப் பார்த்தாலும் முதலில் வெர்னியரைத்தான் எடுப்பேன். 308 உறையின் அடி விளிம்பு 12 மில்லிமீட்டர். 338-க்குக் கிட்டத்தட்ட 14.9. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். இரண்டிலும் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்த அழுத்தம் தள்ளுகிற வட்டத்தின் பரப்பு ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. அப்படியானால் தோட்டாவைப் பின்னாலிருந்து மூடிப் பூட்டும் போல்ட்டின் காதுகள் தாங்க வேண்டிய விசையும் ஒன்றரை மடங்கு. அதனால்தான் 308 ரைபிளில் பேரலை மட்டும் கழற்றி 338 பேரல் மாட்ட முடியாது. ஆக்‌ஷன் என்ற உடல் பகுதி, போல்ட், மேகசின் எல்லாமே பெரிது வேண்டும். விலை அங்கேதான் ஏறுகிறது.

6.5 க்ரீட்மோர் என்று இன்னொரு தோட்டா உண்டு, அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் அடி விளிம்பும் 308 அளவுதான். அதே ஆக்‌ஷன், அதே போல்ட், பேரல் மட்டும் மாறும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

சரி, தீனிக்கு வருவோம். கடையில் வாங்கும் 338 தோட்டா ஒன்று நூறு ராண்டைத் தாண்டிவிடும். அந்த விலையில் யாரும் பழக முடியாது, வீட்டில் நாமே நிரப்பித்தான் ஆக வேண்டும். இங்கே நாம் எல்லோரும் போடுவது சோம்கெம் பவுடர், உள்நாட்டுத் தயாரிப்பு. டப்பா அரைக் கிலோ. அரைக் கிலோ என்றால் 7,700 கிரெய்னுக்குக் கொஞ்சம் மேல். 308-க்கு ஒரு தோட்டாவுக்கு 44 கிரெய்ன் போல. 338-க்கு 90 போல. இவை கணக்குக்காகச் சொல்லும் தோராய எண்கள். நிரப்பும்போது பவுடர் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்து, குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள், என்னை நம்பி நிரப்ப வேண்டாம். வகுத்துப் பார்த்தால் ஒரு டப்பாவில் 308-க்கு 175 தோட்டா, 338-க்கு 85. நான் வருஷத்துக்கு 600 சுடுகிறேன். 308-க்கு நான்கு டப்பா போதும், 338-க்கு ஏழு, எட்டு. இதற்கு மேல் குண்டு, உறை, பவுடரைப் பற்றவைக்கும் ப்ரைமர் எல்லாமே 338-க்கு விலை கூட.

இதைவிடப் பெரிய 50 தோட்டா பற்றியும் சிலர் கேட்கிறீர்கள். அதற்கு ஒரு தோட்டாவுக்கு 220 கிரெய்னுக்கு மேல் போகும், டப்பாவுக்கு 35 தோட்டாகூடத் தேறாது. அதை இன்று தொடவில்லை.

அடுத்தது பேரல். லேத்தில் கார்பைடு டிப் தேய்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பேரலில் முதலில் தேய்வது தோட்டா உட்காரும் அறைக்கு அடுத்த தொண்டைப் பகுதி. மெல்லிய துளை வழியாக எவ்வளவு அதிகப் பவுடர் எரிந்து போகிறதோ அவ்வளவு சீக்கிரம் தொண்டை வெந்துபோகும். நல்லபடி வைத்துக்கொண்டால் 308 பேரல் நாலாயிரம், ஐயாயிரம் சுடு தாங்கும். 6.5 க்ரீட்மோர் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம். 338 ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரத்தில் துல்லியம் விடத் தொடங்கும். என் 600 கணக்கில் மூன்று வருஷத்துக்கு ஒரு பேரல். இந்த நாட்டுச் சட்டத்தில் பேரலே துப்பாக்கியின் முக்கியப் பாகம். லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித் கையில்தான் மாற்ற முடியும், அந்தச் செலவும் சேரும்.

இவ்வளவு சொன்னதால் 338 வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் அருமை காற்றில் தெரியும். ஆயிரம் மீட்டரில் அதே பக்கக் காற்றுக்கு 308 குண்டு எவ்வளவு விலகுமோ, அதில் ஏறத்தாழ பாதிதான் 338 விலகும். அதன் குண்டு ஒலி வேகத்துக்குக் கீழே இறங்காமல் 1,500 மீட்டர் வாக்கில் போகும். 308-இன் 175 கிரெய்ன் குண்டு கடல் மட்டத்தில் ஆயிரத்தை நெருங்கும்போதே அந்த எல்லைக்கு வந்து தள்ளாடத் தொடங்கிவிடும்.

ஆனால் தம்பி, நீங்கள் இருப்பது கடல் மட்டத்தில் இல்லையே! லெனேஷியா 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று மெல்லியது, குண்டைப் பிடித்து இழுப்பது குறைவு. நான் டர்பனில் எழுதிவைத்த எண்களோடு புளூம்ஃபொண்டைன் போனால் என் குண்டு தட்டுக்கு மேலே போகும், அந்த அளவு வித்தியாசம். உங்கள் 308 உங்கள் ஊர்க் காற்றில் ஆயிரம் மீட்டருக்குத் தாராளமாகப் போதும். தட்டில் படவில்லை என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.

எங்கே தேடுவது? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் விலை குறைவாக ஒரு ஸ்கோப் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஆயிரம் மீட்டரில் ஒரு நாள்கூடத் தட்டு தட்டவில்லை. மூன்று மாதம் பவுடரை மாற்றினேன், குண்டை மாற்றினேன், என் தோளைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் நூறு மீட்டரில் உயரமான அட்டையை நிறுத்தி, தூக்குக்குண்டு வைத்து நேர்கோடு போட்டு, டேப்பால் அளந்து குறித்தேன். ஸ்கோப் திருகை 10 மில் (மில் என்பது கோண அளவு) ஏற்றினால் குண்டு சரியாக ஒரு மீட்டர் ஏற வேண்டும். ஏறியது 94 சென்டிமீட்டர். நூறு மீட்டரில் ஆறு சென்டிமீட்டர் பிழை, ஆயிரம் மீட்டரில் அறுபது. தட்டே அரை மீட்டர்தான். மூன்று மாதப் பவுடர், பெட்ரோல் எல்லாம் அந்த அறுபதில் போயிற்று. அதனால் ரைபிளுக்குக் கொடுக்கும் அதே பணத்தை ஸ்கோப்புக்கும் ஒதுக்குங்கள். பட்ஜெட் இடிக்கிறதா, ரைபிளில் குறையுங்கள், ஸ்கோப்பில் குறைக்காதீர்கள்.

லைசென்ஸ் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 21 வயது, குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமை, பயிற்சி முடித்து காம்பிடென்சி சான்றிதழ், தரச்சான்று உள்ள இரும்புப் பெட்டி. இதெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். துப்பாக்கிச் சட்டத்தில் எப்போதாவது சுடுபவர்களுக்கான 15-ஆம் பிரிவில் லைசென்ஸ் வைத்திருந்தால் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாதான் கையில் இருக்கலாம். அங்கீகாரம் உள்ள சங்கத்தில் சேர்ந்து டெடிகேட்டட் நிலை வாங்கினால் 16-ஆம் பிரிவு, அந்த 200 வரம்பு கிடையாது. ஆனால் தொடர்ந்து சுடுகிறோம் என்று சங்கத்துக்குக் காட்ட வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு ரைபிளுக்கும் தனித்தனி லைசென்ஸ். பணம் கட்டிய பிறகும் லைசென்ஸ் வரும்வரை ரைபிள் கடைப் பெட்டியில்தான் இருக்கும், மாதக்கணக்கில்.

அந்தக் காத்திருப்பைத்தான் நான் சாதகமாக்கிக்கொண்டேன். ஆமாம், நானும் 338 வாங்கியிருக்கிறேன்! இப்போது அது கடையில் இருக்கிறது, விண்ணப்பம் போய்விட்டது. எப்படி முடிந்தது என்றால், முதலில் மஸ்கிரேவ் ஒன்று, புளூம்ஃபொண்டைனில் செய்த பழைய ஒற்றைத் தோட்டா டார்கெட் ரைபிள், 308. செகண்ட் ஹேண்டில் 11,000 ராண்ட். அதில்தான் காற்றைப் படிக்கப் பழகினேன். புல் எந்தப் பக்கம் சாய்கிறது, கானல் எப்படி ஓடுகிறது, இதெல்லாம் தோட்டா மலிவாக இருக்கும்போதுதான் கற்றுக்கொள்ள முடியும். அதன் பேரல் தேய்ந்ததும் கன்ஸ்மித்திடம் கொடுத்து, லைசென்ஸ் தாளெல்லாம் முறைப்படி மாற்றி, அதே ஆக்‌ஷனில் 6.5 க்ரீட்மோர் பேரல் போட்டேன். புது ரைபிளுக்கான செலவு இல்லை.

இடையில் பட்டறையில் ஒரு ஸ்டாக்வெலில் சேர்ந்தேன். நம்ம ஊர்ச் சீட்டுதான், ஏலம் மட்டும் கிடையாது. ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்வது. பன்னிரண்டு பேர், ஜூலு நண்பர்கள் பத்துப் பேர், நான், இன்னொரு தமிழர். என் முறை போன டிசம்பரில் வந்தது. அந்தப் பணத்தை அப்படியே ரைபிளுக்கு முன்பணமாகக் கொடுத்தேன், மீதி லே-பையில், அதாவது பொருளைக் கடையிலேயே வைத்துத் தவணை கட்டும் முறையில், மாதாமாதம் போகிறது, வட்டி இல்லை. லைசென்ஸ் வருவதற்குள் பாக்கி முடிந்துவிடும். வீட்டு அம்மணியிடம் முதலிலேயே நோட்டை விரித்து, ரைபிள், ஸ்கோப், தோட்டா நிரப்பும் டை செட், நூறு உறை, முதல் வருஷப் பவுடர், மூன்றாம் வருஷப் பேரல் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். அவர் ஒன்றுதான் கேட்டார், "பண்ணைக்குப் போய்வர பெட்ரோலை எழுதவில்லையே?" உண்மைதான், மறந்திருந்தேன். போக வர ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். டர்பன் பக்கம் எனக்கு வாராவாரம் கிடைப்பது நூறு, இருநூறு மீட்டர்தான். அந்தச் செலவைச் சேர்த்ததும் வாங்கும் தேதி எட்டு மாதம் தள்ளிப் போயிற்று.

நான் ஏன் வாங்கினேன் என்றால், பண்ணையில் இப்போது 1,400 மீட்டரில் ஒரு தட்டு மாட்டியிருக்கிறார்கள். 6.5-இல் அதை இருபதுக்கு நான்கு தட்டுகிறேன். ஆயிரத்தில் இருபதுக்குப் பதினேழு. அந்தப் பதினேழு வந்த பிறகுதான் 338 பற்றிப் பேச எனக்கே மனம் வந்தது.

அதனால் தம்பி, 308-ஐ விற்காதீர்கள், கடன் போடாதீர்கள். இந்த வாரக் கடைசியில் ஒரு மீட்டருக்கு மேல் உயரமுள்ள அட்டை, தூக்குக்குண்டு, டேப் மூன்றையும் எடுத்துக்கொண்டு நூறு மீட்டர் ரேஞ்சுக்குப் போங்கள். ஸ்கோப்பை 10 மில் ஏற்றி மூன்று தோட்டா சுட்டு, அளந்து, எத்தனை சென்டிமீட்டர் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அந்த எண்ணை வைத்து அடுத்து என்ன செய்வது என்று பேசுவோம். மழை விட்டுவிட்டது போலிருக்கிறது, நானும் கொஞ்சம் உறைகளைத் துடைத்து வைக்கிறேன். வரேன்.