நண்டு வளையும் நரம்புத் துடிப்பும்

(கணினிவழி நரம்பியல் ஆய்வு பற்றிய பல்கலைக்கழகக் கருத்தரங்கில், திருவாரூர் வட்டார மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வாசலில் நிற்கும் பைக்குகளில் பாதிக்கு மேல் சேறு அப்பியிருக்கிறது. சம்பா வயல்களைத் தாண்டி வந்திருக்கிறீர்கள். அதனால் வயலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி அப்பா என்னை எழுப்பி வயலுக்குக் கூட்டிப்போனார். அரிக்கேன் விளக்கைப் பிடிப்பது என் வேலை. வரப்பில் ஒரு நண்டு வளை. மேல் வயல் தண்ணீர் அதன் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது, விரல் தடிமன்கூட இல்லை. அப்பா வைக்கோலைச் சுருட்டி உள்ளே திணித்தார், சேற்றை அள்ளி அப்பினார், காலால் மிதித்தார். "இதை இப்படியே விட்டா விடியறதுக்குள்ள வரப்பு போயிடும்டா" என்றார். பத்தடி தள்ளி இன்னொரு வளை இருந்தது. அது எங்கள் கண்ணில் படவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஓர் ஆள் இறங்கி நிற்கலாம், அவ்வளவு பெரிய உடைப்பு.

தண்ணீர் போகப் போக மண் கரைகிறது. மண் கரையக் கரைய இன்னும் அதிகம் தண்ணீர் போகிறது. ஒரு நியூரான், அதாவது நரம்பு செல், மின்சாரமாகத் துடிப்பதும் இப்படித்தான். சும்மா இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்வாக இருக்கும். அதன் சவ்வில் சோடியத்துக்கென்று மதகுகள் உண்டு. மின்னழுத்தம் கொஞ்சம் ஏறினால் சில மதகுகள் திறக்கும், சோடியம் உள்ளே வரும், அழுத்தம் இன்னும் ஏறும், இன்னும் பல மதகுகள் திறக்கும். ஏற்றம் சின்னதாக இருந்தால் வெளியேறும் பொட்டாசியமே அதைச் சரிக்கட்டிவிடும். ஓர் அளவைத் தாண்டினால் உடைப்புதான்.

ஓர் இடத்தில் மட்டும் நியூரான் வரப்பிலிருந்து வேறுபடுகிறது. வரப்பு உடைந்தால் மனிதன்தான் மண்வெட்டியோடு வரவேண்டும். இங்கே சோடியம் மதகு ஒரு மில்லி செகண்டு அளவில் தானே அடைத்துக்கொள்கிறது. பொட்டாசியம் மதகு தாமதமாகத் திறந்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது.

இதை முதன்முதலில் கணக்காக எழுதியவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். நாகப்பட்டினம் ஏலக்கூடத்தில் ஊசிக் கணவாய் பார்த்திருப்பீர்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கணவாயின் உடம்பில் அரை மில்லிமீட்டருக்கும் மேல் தடிமனான நரம்பிழை ஒன்று ஓடுகிறது. உள்ளேயே கம்பியைச் செருகி அளக்கலாம். அளந்தார்கள், சமன்பாடு எழுதினார்கள். தீர்க்க வேண்டிய நேரத்தில் கேம்பிரிட்ஜ் கணினி பழுதுபார்ப்பில் கிடந்தது. ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்தார். துடிப்பு அந்த இழையில் விநாடிக்கு 18.8 மீட்டர் வேகத்தில் ஓடும் என்று கணக்கு சொன்னது. அளந்தபோது கிடைத்தது 21.2. அது 1952. நோபல் பரிசு 1963-இல் வந்தது.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. பொட்டாசியம் ஓட்டத்தைக் கணக்கில் பொருத்த அவர்கள் ஒரு எண்ணை நான்காம் அடுக்குக்கு உயர்த்த வேண்டியிருந்தது. நான்கு துண்டுகள் ஒரே நேரத்தில் சரியான நிலையில் இருந்தால்தான் மதகு திறக்கும் என்பது அதன் பொருள். அப்போது அந்த மதகை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தனியொரு மதகின் வழியே ஓடும் மின்னோட்டத்தை நேஹர், சாக்மான் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1976-இல்தான் அளந்தார்கள். 1998-இல் மெக்கின்னன் என்ற விஞ்ஞானியின் குழு பாக்டீரியாவின் பொட்டாசியம் மதகு ஒன்றின் வடிவத்தைப் படம் எடுத்தது. ஒரே மாதிரியான நான்கு துண்டுகள் வட்டமாக நின்றன. அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்த நாள் என்னால் மறக்க முடியாதது.

அதனால்தான் சொல்கிறேன், கணக்கு என்பது தெரிந்ததைப் பதிவுசெய்யும் வேலை மட்டும் இல்லை. இன்னும் பார்க்காத ஒன்றை எங்கே தேடுவது என்று அது சொல்லும். இப்போது மொத்த மூளையையும் கணினியில் ஏற்றிவிடலாம் என்று பேசுகிறார்கள். ஒரு சின்னப் புழுவுக்கு மொத்தமே 302 நியூரான்கள். எது எதோடு இணைந்திருக்கிறது என்ற வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் புழுவின் நடத்தை முழுவதையும் அந்த வரைபடத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. வாய்க்கால் வரைபடம் கையில் இருந்தால் போதுமா? எந்த மதகு எப்போது, எவ்வளவு திறக்கிறது என்று நம் ஊர் நீர்க்கட்டிக்குத் தெரிவது வரைபடத்துக்குத் தெரியாது. நியூரான்களைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, ஒன்றை ஒழுங்காகப் புரிந்துகொள்வது மேல் என்பது என் அபிப்பிராயம்.

பெரிய ஆய்வகம் வேண்டுமே என்று தயங்காதீர்கள். நரம்பு செல்லின் துடிப்பைக் கணினியில் ஓட்டிப் பார்க்க உதவும் நியூரான் (NEURON), பிரையன் (Brian) என்ற இரண்டு மென்பொருள்களும் இலவசம். பழைய லேப்டாப்பிலும் ஓடும். சமன்பாடு மொத்தமே நான்குதான்.

சரி, மதியம் நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணவாய்ச் சமன்பாடுகள் 6.3 டிகிரி செல்சியஸ் குளிருக்கு எழுதப்பட்டவை. முதலில் அதே வெப்பநிலையில் ஒரு துடிப்பை வரவழையுங்கள். அப்புறம் இரண்டிரண்டு டிகிரியாக நம் ஊர்ச் சித்திரை வெயில் வரைக்கும் ஏற்றுங்கள். துடிப்பு குறுகிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் ஓட முடியாமல் நின்றுவிடும். எந்த மதகு முந்திக்கொண்டதால் அது நின்றது என்று தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.