கணப்பு இல்லாத அறை

நேயர்களுக்கு வணக்கம்.

மனநல மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். பயிற்சிக் காலத்தில் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். டோரத்தியா டிக்ஸ் என்ற பெயர் ஒரே வரியில் வந்து போனது. தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறும். எங்கள் துறைக்கே அடித்தளம் போட்டவர்களில் ஒருவருக்கு இரண்டு மதிப்பெண். அந்தக் கடனை அடைக்கத்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

1841 மார்ச் மாதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஈஸ்ட் கேம்பிரிட்ஜ் என்ற ஊரின் சிறைச்சாலை. அங்கிருந்த பெண் கைதிகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடம் நடத்த ஆள் தேடினார்கள். பள்ளி ஆசிரியையாக இருந்து உடல்நலம் கெட்டு ஓய்வில் இருந்த டிக்ஸ் அம்மையார், தானே வருவதாகச் சொன்னார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. பாடம் முடிந்ததும் சிறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு குற்றமும் செய்யாத பெண்கள் சிலர், மனநோயாளிகள் என்ற ஒரே காரணத்துக்காக அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். அறையில் கணப்பு இல்லை. மார்ச் மாதத்திலும் எலும்பைத் துளைக்கும் குளிர் அடிக்கிற பகுதி அது. ஏன் கணப்பு மூட்டவில்லை என்று கேட்டார். பைத்தியங்களுக்குக் குளிர் உறைக்காது என்றார் சிறைக்காவலர்.

அந்தப் பதிலைக் கேட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பவில்லை. நீதிமன்றம் வரை போனார். அறைக்குக் கணப்பு வந்தது. பிறகு மாநிலம் முழுவதும் சிறை சிறையாக, ஏழைகள் விடுதி விடுதியாக ஏறி இறங்கி, கண்டதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதினார். 1843 ஜனவரியில் அது சட்டமன்றத்துக்கு ஒரு விண்ணப்பமாகப் போனது. பெண்ணுக்கு அங்கே ஓட்டும் இல்லை, இடமும் இல்லை. உறுப்பினராக இருந்த சாமுவேல் ஹவ் என்ற மருத்துவர்தான் அதை அவையில் வைத்தார்.

அந்த விண்ணப்பத்தில் என்னை மிகவும் உலுக்கியது அதன் சிக்கனம். ஊர்ப் பெயர், பக்கத்திலேயே ஒரு வரி. லிங்கன்: கூண்டில் ஒரு பெண். மெட்ஃபோர்ட்: சங்கிலியில் ஒருவர், பதினேழு ஆண்டுகளாக அடைப்பில் ஒருவர். சவோய்: கூண்டில் ஓர் ஆண். வார்டில் நாங்கள் எழுதும் நோயாளிக் குறிப்பு போலவே இருக்கிறது. ஒரு கண்ணீர்ச் சொல் கூடுதலாக இருந்திருந்தால், பெண்பிள்ளை புலம்புகிறாள் என்று ஒதுக்கியிருப்பார்கள். இத்தனைக்கும் முதல் கோபம் அவர் மேலேயே பாய்ந்தது. பொய் சொல்கிறார் என்று ஊர்க்காரர்கள் எழுதினார்கள். ஆனாலும் வூஸ்டர் நகர மருத்துவமனையை விரிவாக்கப் பணம் ஒதுக்கப்பட்டது.

அதன் பிறகு மாநிலம் மாநிலமாக இதே வேலைதான். நியூஜெர்சியின் டிரென்டன் நகரில் 1848இல் திறந்த மருத்துவமனையைத் தன் தலைப்பிள்ளை என்று சொல்லிக்கொள்வார். 1854இல் அவருடைய மிகப் பெரிய முயற்சி கைகூடும் நிலைக்கு வந்தது. மனநோயாளிகள் உள்ளிட்டோரின் பராமரிப்புக்காக 1 கோடியே 22 லட்சத்து 25 ஆயிரம் ஏக்கர் அரசு நிலத்தை ஒதுக்கும் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் பியர்ஸ் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். தருமம் செய்வது மத்திய அரசின் வேலை அல்ல என்பது அவர் வாதம்.

டிக்ஸ் அம்மையாரிடம் எனக்குப் பிடிக்காததும் உண்டு. தென் மாநிலங்களின் ஆதரவு போய்விடும் என்று அடிமை முறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெண்ணுக்கு ஓட்டுரிமை கேட்டவர்களோடும் சேரவில்லை. உள்நாட்டுப் போரில் படைச் செவிலியர்களுக்குத் தலைவியானபோது, வேலைக்கு வரும் பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், பார்க்க எளிமையாக இருக்க வேண்டும், உடை கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும், நகை கூடாது என்றெல்லாம் விதித்தார். என்னை அவர் முதல் நாளே திருப்பி அனுப்பியிருப்பார்.

அவர் எழுப்பிய சுவர்களுக்கு உள்ளே நடந்தது வேறொரு கதை. 1847இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்திலும் அவர் வாதாடினார். அதன் பலனாக ஜாக்சன்வில் நகரில் அமைந்த மனநோய் மருத்துவமனை 1851இல் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது. அதே ஆண்டு அந்த மாநிலம் ஒரு சட்டமும் செய்தது. மற்றவர்களைச் சேர்ப்பதற்கு மனநோய் இருப்பதாகச் சான்று வேண்டும். மனைவியைச் சேர்ப்பதற்குக் கணவன் கேட்டு, மருத்துவமனைத் தலைவர் தலையசைத்தால் போதும்.

1860 ஜூன் மாதம் எலிசபெத் பாக்கர்ட் அப்படித்தான் உள்ளே போனார். ஆறு பிள்ளைகளின் தாய். கணவர் தியோஃபிலஸ் கிறிஸ்தவப் போதகர். வேதாகம வகுப்பில் கணவரின் கொள்கைக்கு மாறாக வாதம் செய்ததுதான் எலிசபெத்தின் நோய். அவரைச் சோதிக்க வந்த ஒரு மருத்துவர், தையல் இயந்திரம் விற்பவர் போல வேடமிட்டு வீட்டுக்குள் நுழைந்து பேச்சுக் கொடுத்தார். பின்னாளில் அதே மருத்துவர் நீதிமன்றத்தில் அடுக்கிய காரணங்களில் ஒன்று, தன்னைப் பைத்தியம் என்று சொன்னால் அந்த அம்மாவுக்குப் பிடிப்பதில்லை என்பது! யாருக்கய்யா பிடிக்கும்?

ரயிலடிக்கு நடந்து போக எலிசபெத் மறுத்தார், தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று ஆண்டுகள் உள்ளே இருந்தார். ஒளித்து ஒளித்துக் குறிப்பு எழுதினார். 1863இல் வெளியே விட்டதும் கணவர் அவரை வீட்டு அறையில் பூட்டிச் சன்னலை ஆணியடித்து மூடினார். அந்தச் சன்னல் இடுக்கு வழியாக ஒரு கடிதம் வெளியே போய், வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. 1864 ஜனவரியில் காங்ககீ ஊரில் விசாரணை. ஊராரிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர்களான ஜூரிகள் ஏழே நிமிடம் பேசி, இவர் தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று தீர்ப்புச் சொன்னார்கள். வீடு திரும்பினால் அங்கே வேறு யாரோ குடியிருந்தார்கள். கணவர் பிள்ளைகளையும் சாமான்களையும் கொண்டுபோய்விட்டார்.

கையில் காசு இல்லாத நிலையில் புத்தகம் எழுதி விற்று, சட்டமன்ற உறுப்பினர்களைத் தேடித் தேடிப் பார்த்தார். ஜூரி விசாரணை இல்லாமல் யாரையும் உள்ளே அடைக்கக் கூடாது என்று 1867இல் இல்லினாய் சட்டம் செய்தது. ஐயோவா மாநிலத்தில், உள்ளே இருப்பவர்களின் கடிதங்களைத் தடுக்கக் கூடாது என்ற சட்டத்துக்கும் அவரே காரணம். நோயாளியை ஊரார் முன் நிறுத்துவது கொடுமை என்று மருத்துவர்கள் எதிர்த்தார்கள். அதில் நியாயம் இருந்தது என்பது என் அனுபவம். ஆனால் அந்த நிலைமையை உண்டாக்கியவர்களும் அவர்கள்தானே.

முதுமையில் டிக்ஸ் அம்மையாருக்குத் தங்க ஓர் இடம் தேவைப்பட்டது. டிரென்டன் மருத்துவமனையிலேயே அறைகள் ஒதுக்கிக் கொடுத்தார்கள். 1887 ஜூலை 17 அன்று அங்கேயே இறந்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில், நெல்லி பிளை என்ற இளம் பெண் செய்தியாளர், மனநிலை சரியில்லாதவர் போல நடித்து, நியூயார்க்கின் பிளாக்வெல் தீவில் இருந்த பெண்கள் மனநோய் விடுதிக்குள் நுழைந்தார். பத்து நாள் இருந்தார். கூடத்தில் குளிர். மெல்லிய துணியோடு பெண்கள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் உடை கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். மற்றவர்களுக்கு இருப்பதுதான் உனக்கும், அதற்கு மேல் கிடைக்காது என்று பதில் வந்தது.

வணக்கம்.