மடிக்குள் எட்டிப் பார்க்கும் ஸ்கேன்: கறவை மாடுகளில் மடிநோய்

(காட்சி: மடியின் வெளித்தோற்றம், நான்கு காம்புகள்)

பாலில் திரிதிரியாகக் கட்டிகள் வருவதையும் மடி சூடாகி வீங்குவதையும் கறப்பவரே முதலில் கண்டுகொள்வார். ஆனால், அந்த வீக்கத்துக்குள் இருப்பது சீழ்க்கட்டியா, தேங்கிய இரத்தமா, நார்த்திசுவாக இறுகிவிட்ட பால்சுரப்பியா என்பதைக் கையால் தடவிப் பார்த்து எப்போதும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனின் தேவை இங்கேதான் எழுகிறது.

(காட்சி: கருவியும் அதன் திரையும்)

இதற்கெனத் தனிக் கருவி வாங்க வேண்டும் என்பதில்லை. சினைப் பரிசோதனைக்குக் கால்நடை மருத்துவர் பயன்படுத்தும் 5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான நேர்கோட்டு ஆய்வுமுனையே (உடல்மேல் வைத்துப் படம் எடுக்கும் கருவிப் பகுதி) பெரும்பாலும் போதும். மடியின் ஆழமான பகுதிகளைப் பார்க்கக் குறைந்த அதிர்வெண்ணும், காம்பின் நுண்ணிய அமைப்பைப் பார்க்க அதிக அதிர்வெண்ணும் ஏற்றவை.

(காட்சி: வெதுவெதுப்பான நீர் நிரம்பிய பிளாஸ்டிக் குவளைக்குள் காம்பு)

ஆய்வுமுனையைக் காம்பின் மீது நேரடியாக வைத்து அழுத்தினால் அதன் வடிவம் நசுங்கிவிடும். எனவே, காம்பை நீரில் மூழ்க வைத்து, ஜெல் தடவிய முனையைக் குவளையின் வெளிப்புறத்தில் வைக்கிறார்கள். மிக எளிய ஏற்பாடுதான் என்றாலும், காம்புச் சுவரின் மூன்று அடுக்குகளும் நுனியிலுள்ள காம்புக் கால்வாயும் இதில் தெளிவாகத் தெரிகின்றன.

(காட்சி: நலமான மடியின் படமும் நோயுற்ற மடியின் படமும் அருகருகே)

பால் நீர்மமாக இருப்பதால் திரையில் கருமையாகத் தெரியும். நலமான சுரப்பித் திசு சீரான சாம்பல் நிறத்தில், இடையிடையே பால் நாளங்களின் கரும்புள்ளிகளோடு காணப்படும். மடிநோயில் இந்தச் சீர்மை குலைகிறது. பால் தேங்கும் குழியில் வெண்புள்ளிகள் மிதந்தால், அவை பெரும்பாலும் திரிந்த பாலின் கட்டிகளாக இருக்கும். சீழ்க்கட்டியைச் சுற்றித் தடித்த உறை தெரிவதுண்டு. முனையால் மெல்ல அழுத்தும்போது உள்ளிருக்கும் சீழ் அசைவதையும் காணலாம். திசு அழுகி வாயு உண்டாகியிருந்தால், பளிச்சென்ற வெண்புள்ளிகளும் அவற்றுக்குக் கீழே நிழலும் தோன்றும். அத்தகைய மாட்டுக்கு உடனடிச் சிகிச்சை தேவை.

(காட்சி: பால் மாதிரி எடுத்தல்)

நோயை உண்டாக்கிய கிருமி எது என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது; அதற்குப் பாலைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். வெளியே அறிகுறி தெரியாத மறைநிலை மடிநோயிலும் படம் இயல்பாகவே இருக்கக்கூடும். ஒரு மில்லிலிட்டர் பாலில் உடல் செல்கள் (பாலில் கலந்து வரும் மாட்டின் செல்கள், பெரும்பாலும் வெள்ளணுக்கள்) 2 லட்சத்தைத் தாண்டியிருக்கின்றனவா என்ற எண்ணிக்கையே அங்கு நம்பகமான வழிகாட்டி. ஆகவே, பால் சோதனையைத் தள்ளிவிட்டு ஸ்கேனை மட்டும் நம்புவது சரியல்ல.

(காட்சி: ஒரே மாட்டின் இரு காம்புகளின் படங்கள்)

ஸ்கேனைக் கறவைக்கு முன்பே எடுப்பது நல்லது. பால் நிரம்பியிருக்கும்போது குழியின் எல்லைகள் தெளிவாகத் தெரியும் என்பது ஒரு காரணம். கறவை இயந்திரம் கழற்றிய பின் சில மணி நேரம் வரை காம்புச் சுவர் தடித்தே இருப்பதால், அந்தத் தடிப்பை நோய் என்று தவறாகப் படித்துவிட வாய்ப்புண்டு என்பது மற்றொன்று.