கொம்புத் தேனும் ஓட்டுப் பெட்டியும்

(கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே ஒரு நூலகத்தில், ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாள் கூட்டத்தில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியை எடுத்துக்கொண்ட தலைமையாசிரியர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் பெரியவர் அவர்களே, குலசேகரத்தில் ஒரு கல்யாண வீட்டைப் பாதியில் விட்டு வந்திருக்கிற வருவாய்த்துறை நண்பர்களே, மைக் செட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொன்ன தம்பி அவர்களே, முன் வரிசையில் இருக்கிற பாட்டாமாரே, ஆச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் சாயா குடிக்கும்போது திட்டுங்கள்.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். வீட்டிலிருந்தே போடுகிற ஓட்டு, துணைக்கு ஆள் கூட்டிப்போவது, வாக்காளர் பட்டியலில் மாற்றுத்திறனாளி என்று பதிந்துகொள்வது.

அதற்கு முன்னால் ஒரு பழமொழி. 'முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா?' அந்த முதல் சொல்லை இன்றைக்கு நாம் வாயில் எடுப்பதில்லை, நல்லது. ஆனால் பழமொழியை விட்டோமா? வேறு மாவட்டக்காரர் சொன்னால் போகட்டும். மார்த்தாண்டத்தில் ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு முன்னால் ஒய்.எம்.சி.ஏ. என்கிற இளைஞர் சங்கம், பெட்டியில் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுத்தது. இன்றைக்கு ரப்பர்த் தோட்டங்களில் பாருங்கள், இடுப்பு உயரத்தில் தேன் பெட்டி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூடியைத் திறந்து அடையை எடுக்கலாம். கொம்பில் இருந்ததைக் கைக்கு எட்ட இறக்கி வைத்த ஊர்க்காரர்கள் நாம். அந்தப் பழமொழியை நாமே சொல்லிக்கொண்டு திரிந்தால் எப்படி?

சரி, வீட்டு ஓட்டு. 85 வயது ஆனவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று உள்ளவர்களும் 12டி படிவம் கொடுத்தால், தேர்தல் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து தபால் ஓட்டு வாங்கிக்கொள்வார்கள். தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால் பிறகு சாவடிக்குப் போய்ப் போட முடியாது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால், "அதான் வீட்டுக்கு வருகிறார்களே, பிறகென்ன?" என்று கேட்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிகிறது. ஓட்டு நாள் நம் ஊரில் ஒரு கோயில் கொடை விழா மாதிரி. வேட்டி மாற்றி, வழியில் நான்கு பேரை விசாரித்து, மை வைத்த விரலைக் காட்டித் திரும்பி வருவது. அது தபாலில் வராது.

அடுத்தது துணை. இதற்கு என் தாய்மாமா கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மாமா பனையேறி. காலையும் மாலையும் பனை ஏறி அக்கானி, அதாவது பதநீர், இறக்கிய உடம்பு. ஒருநாள் பனி ஈரத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவு போயிற்று. அதற்கப்புறம் கல்யாணம் காட்சிக்குக்கூட வரமாட்டார், தேர்தல் என்றால் மட்டும் விடியுமுன் சவரம் செய்து வாசலில் உட்கார்ந்திருப்பார்.

அப்படி ஒரு தேர்தலில் ஆட்டோவில் ஏற்றி, சக்கர நாற்காலியைப் பின்னால் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நான்கு படி. அதன்மேல் ஒரு பிளைவுட் பலகை, நழுவாமல் இருக்க அடியில் இரண்டு செங்கல். சாய்தளமாம்! பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற பலகை இதைவிடப் பரவாயில்லை. "நாங்க ஏத்துறோம் பாட்டா" என்று இரண்டு கட்சிப் பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஓட்டு அந்தப் பக்கம் போய்விடுமோ என்று மூன்றாவது கட்சிக்காரன் ஓடி வந்து பின்னால் பிடித்தான். பாதி ஏறியிருப்பார்கள், பலகை வளைந்தது, செங்கல் நழுவிற்று, மூன்று கட்சியும் மாமாவும் கூட்டணியாகத் தரைக்கு வந்து சேர்ந்தார்கள். நாற்காலி ஒரு பக்கம், அடையாள அட்டை ஒரு பக்கம். சிரிக்கிறீர்கள். மாமாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படியைக் கட்டிய காண்ட்ராக்டர் நான்தான்.

ஒரு வழியாக உள்ளே போனோம். அங்கிருந்த ஊழியர் என்னிடம், "அவருக்குச் சிரமம், நீங்களே போய் அமுக்கிவிடுங்கள்" என்றார். நல்ல மனசில்தான் சொன்னார். மாமா நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு இடுப்புதாம்வோய் ஒடிஞ்சுது, வெரலு ஒடியல்ல."

சட்டமும் மாமா பக்கம். 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் விதிகளில் 49என் என்று ஒன்று. சின்னத்தை அடையாளம் காணவோ பட்டனை அமுக்கவோ முடியாதவருக்குத்தான் துணை ஆள் மறைப்புக்குள் போகலாம். துணைக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு நாளில் ஒருவருக்குத்தான் துணை போகலாம், ரகசியத்தைக் காப்பேன் என்று எழுதியும் கொடுக்க வேண்டும். பார்வையில்லாதவர்கள் தாமே போட, ஓட்டு இயந்திரத்தில் நீலப் பட்டனுக்குப் பக்கத்தில் பிரெய்ல் எண் இருக்கிறது. யாருக்குப் போட்டோம் என்று காட்டுகிற விவிபேட் சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குப் பின்னால் நின்று விழுகிறதே, அது அவர்களுக்கு எதைச் சொல்கிறது என்று மட்டும் யாராவது எனக்கு விளக்குங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இருந்தாலும் பலகையை அப்படியே விட்டுப்போக மனம் வரவில்லை. சாவடியில் சாய்தளம் வையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லியாயிற்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அதனால்தான் தேர்தலன்று பலகை வருகிறது. மறுநாள் வாடகைக் கடைக்குத் திரும்பிவிடுகிறது. அதே படியில் சக்கர நாற்காலியோடு ஐந்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை? அவளுக்கு ஓட்டு இல்லை, அதனால் பலகையும் இல்லை.

நம் மாவட்டத்து ஆறு தொகுதியிலும் சாவடி பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். அங்கே சிமென்டில், கைப்பிடியோடு, நிரந்தரமாகக் கட்டச் சொல்கிறேன். கணக்கு எளிது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். நான் கட்டிய நான்கு படி 24 அங்குலம், 24 அடி சாய்தளம் வேண்டும். வைத்தது ஆறடிப் பலகை. நம் கொம்புத் தேன் இருந்த உயரத்தைப் பார்த்தீர்களா, வெறும் இரண்டடி!

மாற்றுத்திறனாளி என்று பட்டியலில் பதிவது பற்றி இன்னும் சொல்லவில்லை. படிவம் 8, அல்லது 1950-க்கு ஒரு போன். தேர்தல் ஆணையம் பிறந்த வருஷம்தான் எண், மறக்காது.

கடைசியாக, இந்த நூலகத்துக்கு ஏற மூன்று படி. வரும்போதே அளந்தேன், 21 அங்குலம். 21 அடி என்றால் அந்தப் புளியமரம் வரை போகும் என்று நினைக்கிறேன். கூட்டம் முடிந்ததும் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஊராட்சித் தலைவரே வந்தால் சந்தோஷம். நன்றி, வணக்கம்.